காலைப் பெரட்டு

திரையின் வலது மேல் மூலையில் ஒரு கடிகாரம் இருந்தது. லாவாய் திரையில் கடிகாரம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவன் மணிக்கட்டில் எஃகுக் கைக்கடிகாரம் ஒன்று எப்போதும் கிடக்கும். கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல் ஓடினாலும் நேரம் தப்பாது. கையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு எதிரிலும் ஒன்றை ஓடவிடுவது கிழடுகளின் பழக்கம் என்று அவன் பலமுறை சொல்லியிருக்கிறான், கிழடுகளின் காதில் விழும்படியாகவே. எந்த முட்டாள் இதைத் திறந்து வைத்தான் என்று முணுமுணுத்தபடி அதை மூடினான்.

கடலோர எண்ணெய் ஊரான மிரியில் அந்த மாதம் விடிவதே தெரியவில்லை. ஊருக்கு வெளியே கரிமண் காடு மண்ணுக்கு அடியிலேயே எரிந்துகொண்டிருந்தது. தீ கண்ணில் படாது, புகை மட்டும் கிளம்பும். காலை எட்டு மணிக்கும் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஊர்ந்தன. கடைவீதியின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் ஏர்கான் வழியாகப் புகை இறங்கி, ஈரக் கம்பளத்தின் நாற்றத்தோடும் பழைய காகித வரைபடங்களின் புளித்த வாடையோடும் கலந்து நின்றது. கடலுக்கு அடியில் எண்ணெய் எங்கே கிடக்கும் என்று பாறைகளின் எதிரொலியை வைத்து வரைந்து கொடுப்பது அங்கே தொழில். அதற்கென்று பழைய யூனிக்ஸ் இயந்திரங்கள் சில இருந்தன. அவற்றைப் பராமரிப்பது லாவாயின் வேலை. அவற்றைத் தொடும் மற்ற எல்லாரையும் கேவலமாகப் பார்ப்பது அவன் சம்பளம் வாங்காமலே செய்த வேலை.

இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திரை ஒரு நொடி வெறிச்சோடிப் போகும். அந்த வெறுமைக்குள் ஒரு நிரல் விழித்துக்கொள்ளும். அது கங்காணி மாதிரி. நேற்று மாலை நாம் கிளம்பும்போது, திறந்து கிடந்த ஒவ்வொரு நிரலையும் கூப்பிட்டு, நாளைக்கு உன்னை எப்படி எழுப்ப வேண்டும் என்று அது கேட்டு வைத்திருக்கும். மறுநாள் காலை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். கூப்பிட்டது வந்து, நேற்று நின்ற அதே இடத்தில், அதே அளவில் நின்றுகொள்ளும். தோட்டத்துத் தமிழர்கள் பார்த்தால் பெரட்டு என்பார்கள். விடியலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்துகிற அதே சடங்குதான். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கங்காணி ஒதுங்கிக்கொள்ளும், நாம் உட்கார்ந்து வேலையைத் தொடங்கலாம்.

லாவாய் இப்போது உட்கார்ந்திருக்கும் மேசை போன மாதம் வரை உசாத்துடையது. பாறைகளைப் படிப்பதில் கெட்டிக்காரர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். லாவாய்க்கு அவர் குட்டைக் கால்களுக்காக நாற்காலியைக் கீழே கீழே இறக்கிக்கொள்கிற, தலைவலிக்குத் தடவும் காற்றுத்தைலம் நாறுகிற ஒரு கிழவர், அவ்வளவுதான். அவர் திரையில் நான்கு விஷயங்கள்தான் உண்டு: கடிகாரம், கடிதப் பெட்டி, குறிப்பேடு, பாறைப் பிளவுகளின் வரைபடம். வருஷக்கணக்காகத் தினமும் அதே நான்கு, அதே இடத்தில். ஐந்தாவதாக உசாத்தையும் கங்காணிதான் எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கிறது என்று லாவாய் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பான். உசாத்தும் கூடச் சிரிப்பார். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சொந்த ஊருக்குப் போகப் படகைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக வேலையை முடித்திருக்கிறார். வெளியேறு என்று அழுத்தியிருக்கிறார். ஏதோ ஒரு நிரல் இன்னும் முடியவில்லை என்று மறித்திருக்கிறது. திரை நடுவில் ஒரு சின்னக் கட்டம்: இருப்பதை இப்படியே சேமிக்கவா? ஆம், வேண்டாம். அவர் பதில் சொல்வதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. திங்கள்கிழமை காலை மேலாளர் தயாங் ஹஸ்னா கதவைத் திறந்தபோது உசாத் அந்தக் கேள்வியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைத் தொட வேண்டாம் என்றாள் அவள், வாசலிலேயே நின்று விசும்பிக்கொண்டு.

லாவாய் உள்ளே வந்தான். சாவிக்கொத்தைக் குலுக்கியபடி பிணத்தின் பின்னால் போய் நின்றான். திரையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாகறப்பக்கூட ஒழுங்கா வெளியேறத் தெரியல பாரு இந்த ஆளுக்கு," என்றான்.

பிறகு அந்தக் குளிர்ந்த தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எதையும் படிக்காமல், ஆம் என்பதை அழுத்தினான். அந்த மேசைதான் ஏர்கானுக்கு அருகில் இருந்தது, திரையும் பெரியது. ஆகவே அடுத்த வாரமே அதை எடுத்துக்கொண்டான். தனக்கென்று புதுக் கணக்கு உருவாக்கவும் சோம்பல். உசாத்தின் கணக்கிலேயே பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டான், கடவுச்சொல்லை மாற்றினான், உள்ளிருந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டான். பெயர் மனிதர்களுக்காக ஒட்டி வைத்த சீட்டு. இயந்திரம் ஆளை அறிவது எண்ணை வைத்துத்தான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் லாவாய் அவனைக் காறித் துப்பியிருப்பான்.

கடிகாரத்தை மூடிய மறுநாள் அது திரும்ப வந்தது. கூடவே கடிதப் பெட்டியும் வந்தது. இரண்டையும் மூடினான். நாற்காலி இறங்கியிருந்தது, உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அதை உயர்த்திக்கொண்டு, நேராக தயாங்கின் அறைக்குப் போனான். அவளை அவன் கக் என்பான், மலாயில் அக்கா.

"கக், என் சீட்ல யாரு வந்து உக்கார்றது? கூட்ட வர்றவங்கள உக்கார வுடாதீங்க."

"உன் சீட்டா அது?" என்றாள் தயாங், தலையைத் தூக்காமலே. கூட்டுகிற பெண் புகைக்குப் பயந்து ஒரு வாரமாக வரவேயில்லை என்பதையும் சொன்னாள். லாவாய் நம்பவில்லை. அவள் முகம் அழுதே ஊதிப்போனது, மூளையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினான்.

அதற்கடுத்த காலை குறிப்பேடும் வந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை. எழுதும் இடத்தைக் காட்டும் கோடு மட்டும், யாரோ யோசித்துக்கொண்டிருப்பது போல மினுங்கியது. சுட்டியைப் பிடித்த கையில் பிசுக்கு ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். காற்றுத்தைலம். சட்டையில் துடைத்தான், வாடை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினான். மதியம் கோலோ மீ சாப்பிட உட்கார்ந்தபோது நூடுல்ஸிலும் அதே வாடைதான் அடித்தது, பாதியிலேயே பொட்டலத்தை மடித்துப் போட்டான்.

பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவன் தயாராக இல்லை. பேயை நம்புகிறவர்களைப் பற்றி அவனிடம் நிறைய கேலிகள் கைவசம் இருந்தன. இது கோளாறு, கோளாறுக்குக் காரணம் இருக்கும். கங்காணி சேமித்து வைத்திருந்த வரிசையைத் திறந்து பார்த்தான். கடிகாரம், கடிதம், குறிப்பேடு, வரைபடம். அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று. அதற்கு நிரலின் பெயர் இல்லை. இடம் இருந்தது, அளவு இருந்தது, எண் இருந்தது. அவன் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட எண். அதை அழித்தான். மறுபடி திறந்தான், இருந்தது. கடிகாரத்தை அடியோடு கொல்லும் கட்டளையைத் தட்டினான். விசையிலிருந்து விரல் எழுவதற்குள் கடிகாரம் அதே மூலையில் திரும்ப நின்றது.

வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பக்கத்தில் யாரோ மெல்ல இருமினார்கள், பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று மாலை தயாங்தான் அவன் மேசைக்கு வந்தாள். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மறுபடி தாழ்ந்திருந்த அந்த நாற்காலியையே பார்த்தாள்.

"லாவாய், ஒன்னு சொல்றேன், கிண்டல் பண்ணாத. அன்னிக்கி நீ தோளுக்கு மேல கைய நீட்டி அமுக்குன பாரு. அப்ப அங்கிள் உசாத்தோட கண்ணு அசைஞ்சுச்சு. ஒன் வாட்ச பாத்துச்சு."

"செத்த கண்ணு எங்க கக் அசையும்? நீங்கதான் அழுதுகிட்டு இருந்தீங்க. கண்ணுல தண்ணி நின்னா செவுருகூட அசையும்லா."

"அழுதேன்தான். ஆனா பாத்தேன். வேணாம் வேணாம்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. அது அங்கிள் பார்வையாவே இல்ல. வேற யாரோ உள்ள இருந்து பாத்த மாதிரி."

லாவாய் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கிழட்டு இருமல், அடிவயிற்றிலிருந்து வருவது. தயாங் ஓரடி பின்னால் நகர்ந்தாள். இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் பெண்களை மேலாளராக வைக்கக் கூடாது என்று அவள் போன பிறகு சொல்லிக்கொண்டான். சொன்னது தனக்குத் தைரியம் வருவதற்காக என்று தெரிந்திருந்தது. தைரியம் வரவில்லை.

மறுநாள் புகை இன்னும் தடித்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கடைகளே இல்லை, மஞ்சளாக ஒரு சுவர்தான் நின்றது. தயாங் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். லாவாய் ஒரு முடிவோடு வந்திருந்தான். கடைசியாக ஒருமுறை உள்ளே போய், எதையும் சேமிக்காமல் வெளியேறிவிட வேண்டும். பிறகு கணக்கை எண்ணோடு அழித்துவிட்டு, இந்த மேசையைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. இந்த நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து போனால் போதும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

பெயரைக் கொடுத்தான். கடவுச்சொல்லைக் கொடுத்தான். திரை வெறிச்சோடியது. உள்ளே வட்டு சுழன்று முனகியது, மூச்சு வாங்குவது போல. கடிகாரம் வந்தது. கடிதப் பெட்டி வந்தது. குறிப்பேடு வந்தது. வரைபடமும் வந்துவிட்டது, கறுப்புக் கோடுகளாகப் பிளந்த பாறைகள். அவன் காத்திருந்தான். வேறு எதுவும் வரவில்லை.

வெளியேறு என்று அழுத்தினான்.

ஒரு நிரல் இன்னும் முடியவில்லை. சின்னக் கட்டம் நடுவில் வந்து நின்றது. இருப்பதை இப்படியே சேமிக்கவா? ஆம். வேண்டாம்.

வேண்டாம், என்று சுட்டியை நகர்த்தினான். அம்பு நகரவில்லை. கையைப் பார்த்தான். கை நகரவில்லை. சுட்டியின் மேல் இருந்த கை சுருங்கிப் போயிருந்தது. தோலில் பழுப்புப் புள்ளிகள். மணிக்கட்டு வெறுமை. கடிகாரம் கட்டிய தடம்கூட இல்லை.

நாற்காலி தாழ்ந்திருந்தது. முழங்கால் இடிக்கவில்லை. கால்கள் குட்டையாக இருந்தன.

கத்தினான். வாய் திறக்கவில்லை. மூச்சை இழுக்கப் பார்த்தான். நெஞ்சு அசையவில்லை. கால் விரல், இடுப்பு, கழுத்து. எதுவும் இல்லை. கண் மட்டும்.

பின்னால் கதவு திறந்தது. யாரோ வாசலில் நின்று விசும்பினார்கள். தயாங்கின் விசும்பல். தொட வேண்டாம் என்றாள், ஆம்புலன்ஸ் வரட்டும் என்றாள்.

சாவிக்கொத்து குலுங்கியது. கம்பளத்தில் காலடி. நெருங்கி வந்தது. முதுகுக்குப் பின்னால் நின்றது. அவனுக்குத் தெரிந்த சோப்பு வாசனை, தெரிந்த மூச்சு. பிறகு ஒரு சிரிப்பு. இத்தனை கேவலமாக ஒரு மனிதன் சிரிக்க முடியும் என்பது லாவாய்க்கு அதுவரை தெரியாது.

"சாகறப்பக்கூட ஒழுங்கா வெளியேறத் தெரியல பாரு இந்த ஆளுக்கு."

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. இளங்கை. எஃகுக் கைக்கடிகாரம். கண்ணாடியில் குறுக்காக விரிசல்.

வேண்டாம். கண்ணை அசைத்தான். வேண்டாம், வேண்டாம், படித்துப் பார், ஒருமுறை படித்துப் பார்.

கை படிக்கவில்லை. ஆம் என்பதை அழுத்தியது.

இருட்டு.

இருட்டுக்குள் வட்டு சுழன்று முனகியது. கடிகாரம் வந்து தன் மூலையில் நின்றது. கடிதப் பெட்டி வந்தது. குறிப்பேடு வந்தது. வரைபடம் வந்தது. ஐந்தாவதாக, நாற்காலி மெல்ல முனகி, ஒரு ஆளின் கனத்துக்குக் கீழே இறங்கியது. கட்டம் நடுவில் வந்து கேட்டது. கதவுக்கு வெளியே, படிக்கட்டில், சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஒருவன் ஏறி வந்துகொண்டிருந்தான்.