மொலேசா ஏன் கடித்தாள்?

மொலேசா கடித்துவிட்டாள்.

பெலேம் நகரத்து ஆற்றங்கரையில், ஒஸ்மாரின் மரவள்ளி மாவுக் கிடங்கில் காலையிலிருந்து இதே பேச்சு. மொலேசா என்றால் அந்த ஊர்ப் பேச்சில் சோம்பல். பெயருக்கு ஏற்ற, மலைப்பாம்பு மாதிரியான போவா பாம்பு. பகலெல்லாம் மரப்பெட்டிக்குள் தூக்கம். மாலையில் யாராவது மூடியைத் திறந்து, தூக்கி, மூட்டைகள் மேல் விட வேண்டும். இரவில் எலி வேட்டை.

விஷமில்லாத பாம்புதான். ஆனாலும் பல் பல்தானே? பெட்டி மூடியைத் திறந்த ஒஸ்மாரின் வலது கையில் பெரிய கட்டு.

"மாலை மாதிரி என் கழுத்துல கிடந்தவ. இப்போ கையையே கவ்வுறா!" என்றார் அவர். "சாயங்காலம் ஜெனேசியோ படகு கிளம்புது. அக்கரையில கொண்டுபோய் விட்டுடச் சொல்லிட்டேன்."

அவர் மகள் ஜந்திராவுக்குப் பத்து வயது. சட்டென்று எழுந்தாள்.

"அக்கரையில பாம்பைப் பாத்தா கத்தியைத்தான் எடுப்பாங்க. இவ மனுஷங்களைப் பாத்து ஓடக்கூட மாட்டாப்பா!"

"அதுக்காக என் விரலைத் தின்னக் குடுக்கவா?"

ஜந்திரா பெட்டியின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தாள். தோல் உரிக்கும் நாட்களில் பாம்பின் கண்ணில் வெள்ளை படரும், பார்வை மங்கும், சிடுசிடுப்பு வரும். ஆனால் மொலேசாவின் கண்கள் பளிச்சென்று இருந்தன. அப்படியானால் காரணம் வேறு.

ஒரு விஷயம் இடித்தது. மூட்டை மேல் படுத்திருக்கும்போது மொலேசா யாரையும் கடித்ததில்லை. மூடி திறந்தால் மட்டும் பாய்கிறாள்!

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்று, மூடியை மெல்லத் தூக்கினாள். தலை விருட்டென்று மேலே வந்தது. துடைப்பக் கட்டையால் முதுகை லேசாகத் தடவினாள். தலை பின்வாங்கியது. உடம்பு தளர்ந்தது.

பெட்டி மூலையில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. கோழிக்குஞ்சின் மெல்லிய இறகு.

எலி பிடிக்கும் பாம்பின் பெட்டிக்குள் கோழிக்குஞ்சுக்கு என்ன வேலை?

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஜந்திரா மட்டும் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினாள்.

காலடிச் சத்தம். மூட்டை தூக்கும் வல்தெசிர் பூனைபோல வந்தார். அவருடைய சட்டைப் பை கீச்சென்றது.

"வல்தெசிர் மாமா!"

மாமா துள்ளி விழுந்தார். "கத்தாதடி! எலி கொறைஞ்சு போச்சு, பாவம் பட்டினியா இருப்பாளேன்னு எப்பவாவது ஒரு குஞ்சு..."

"எப்பவாவதா?"

"ரெண்டு நாளைக்கு ஒண்ணு."

மறுபடியும் காலடிச் சத்தம். இருவரும் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். வாசலில் சூப் விற்கும் ஸுலெய்தே அத்தை கூடையோடு வந்தார். கூடையும் கீச்சென்றது.

"நீங்களுமா அத்தை?" என்றாள் ஜந்திரா.

"ஐயோ, உங்கப்பாகிட்ட சொல்லிடாத தங்கம்! எலியே தின்னா நாக்கு செத்துப் போகாதா?" அப்போதுதான் அத்தை வல்தெசிரைப் பார்த்தார். "நீ எதுக்குடா இங்க குந்தியிருக்க?"

"உனக்கு முன்னாடியே மாட்டினவன் நான்" என்றார் வல்தெசிர்.

மூன்றாவது காலடிச் சத்தம். மூவரும் ஒளிந்தார்கள்.

வந்தவர் ஒஸ்மார். கட்டுப் போட்ட கையால் ஒரு அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். மரப்பெட்டி முன் குனிந்து கிசுகிசுத்தார்.

"கோவிச்சுக்காத மொலேசா. போற வழிக்கு வயிறு நிறைஞ்சிருக்கட்டும். இன்னைக்கும் வழக்கம்போல ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"வழக்கம்போலவா?" மூன்று குரல்களும் ஒன்றாகக் கேட்டன.

அட்டைப்பெட்டி கீழே விழுந்தது. குஞ்சு மாவு மூட்டைகளுக்கு நடுவே ஓடியது. அதைப் பிடிக்கப் பாய்ந்த வல்தெசிரின் பையிலிருந்தும் ஒன்று குதித்தது. சற்று நேரம் கிடங்கில் மாவுப் புழுதிதான் தெரிந்தது.

எல்லாக் குஞ்சுகளும் கூடைக்குள் அடங்கியதும் ஜந்திரா சொன்னாள்.

"மூடியைத் திறந்தா கோழி. மூணு பேரும் மாத்தி மாத்தி அதைத்தானே பழக்கியிருக்கீங்க? அவ உங்களைக் கடிக்கலைப்பா. சாப்பாடு வந்துடுச்சுன்னு நினைச்சுக் கவ்வியிருக்கா."

ஒஸ்மார் மோவாயைத் தடவினார். "எனக்குப் புரியுது. அவளுக்குப் புரியணுமே?"

"கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. குஞ்சு வாசனை இருக்கக் கூடாது."

கழுவிக்கொண்டு வந்தார். ஜந்திரா துடைப்பத்தை நீட்டினாள். "முதல்ல கட்டையால முதுகைத் தொடுங்க. இது சாப்பாடு இல்லைன்னு அவளுக்குத் தெரியட்டும். அப்புறம் பக்கவாட்டுல கையை விட்டு, நடு உடம்பைத் தாங்கித் தூக்குங்க. தலைக்கு மேல மட்டும் கை போகக் கூடாது."

மூடி திறந்தது. தலை மேலே வந்தது. ஸுலெய்தே அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டை முதுகைத் தொட்டது. ஒரு முறை. இன்னொரு முறை. தலை மெல்லச் சுருளுக்குள் இறங்கியது.

ஒஸ்மாரின் இடது கை பக்கவாட்டில் உள்ளே போனது. கட்டுப் போட்ட கை துணைக்குப் போனது. கனமான உடம்பு வெளியே வந்தது. மொலேசா நாக்கை நீட்டி அவர் சட்டையை முகர்ந்தாள். பிறகு அவசரமே இல்லாமல் தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள்.

"ரொம்ப கனத்துட்டா" என்றார் ஒஸ்மார்.

"கனக்காம? மூணு வீட்டுச் சாப்பாடு!" என்றாள் ஜந்திரா.

மாலையில் படகுக்காரர் ஜெனேசியோ பெரிய சாக்கும் கயிறுமாக வந்து நின்றார். "எங்க அந்தக் கடிக்கிற பாம்பு?"

ஒஸ்மார் கழுத்தில் மொலேசாவோடு வெளியே வந்து, கூடையை நீட்டினார்.

பாம்பை ஏற்றிப்போக வந்த படகு, மூன்று கோழிக்குஞ்சுகளோடு அக்கரைக்குப் புறப்பட்டது.