இரண்டாவது அளவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இலுப்பூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய திலகவதி, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, புதுக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாள். வேதியியல் ஆய்வகம் கோடியில் தனியாக நின்ற பழைய கட்டடம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கால் வைத்ததும் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர் முகத்தில் அடித்தது. குளிரோடு லேசாக மீன் வாடை.

அந்த வாடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

வாடைக்காரி செத்து மூன்று மாதமாகிறது.

திலகவதி இலுப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் லேப் உதவியாளர். பதினோரு வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவிய கை. எம்.எஸ்ஸி. முடித்தால் ஜூன் மாதம் வேதியியல் டீச்சர் வேலை, முடிக்காவிட்டால் இருக்கிற வேலையும் கிடையாது என்று தாளாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் வாரம் முழுக்க வேலை, ஞாயிறுதோறும் வகுப்பு என்று மூன்று வருஷமாகப் பாடுபட்டாள். இன்றைக்குக் கடைசி செய்முறைத் தேர்வு.

பாடுபட்டாள் என்றேன் பாருங்கள், அதில் பாதி பொய். பாடுபட்டவள் ஷர்லி. ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளான்டில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. விடியுமுன் பஸ் ஏறி வருவாள். இருவருக்கும் ஒரே மேஜை. சோதனைகளை எல்லாம் அவள் செய்வாள். இவள் ஊர்க்கதை பேசுவாள், ரெக்கார்டு நோட்டை அப்புறம் பார்த்து எழுதிக்கலாம் என்று தள்ளிப்போடுவாள், மீன் வாடை என்று மூக்கைப் பொத்திக் கேலியும் செய்வாள். ஷர்லி சிரித்துக்கொண்டே "போங்கக்கா" என்பாள். வெள்ளந்தி.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு செய்த சோதனையில், பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழாயால் ஆக்ஸாலிக் அமிலத்தை இருபது மில்லி அளந்து எடுக்க வேண்டும். மேல்முனையை வாயில் வைத்து உறிஞ்சி, கோடு வரை ஏறியதும் விரலால் பொத்துவார்கள். உறிஞ்ச ரப்பர் பந்து உண்டு, அந்தக் கல்லூரியில் வாங்கவில்லை. எடுத்த அமிலம் நிறம் மாற எத்தனை மில்லி ஊதா நீர் செலவாகிறது என்பதுதான் அளவு. ஒரே அளவு இரண்டு தடவை வந்தால்தான் கணக்கில் சேரும். ஷர்லிக்கு முதல் அளவு 18.6 வந்தது. எழுதினாள். இரண்டாவதற்குக் குழாயை எடுத்தாள்.

அதற்குள் திலகவதி, தண்ணீர் கலக்க வேண்டிய அடர் கந்தக அமிலத்தை வேறொரு பீக்கரில் ஊற்றி, பேர்ச்சீட்டு ஒட்டாமல், பக்கத்திலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். இரண்டுமே பார்க்கத் தண்ணீர்தான்.

ஷர்லி உறிஞ்சினாள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தொண்டை வெந்துவிட்டது, இனிப் பேச்சு வராது என்று டாக்டர் சொன்னபோது திலகவதிக்கு அப்பாடா என்றிருந்தது. அதுவும் ஒரு மனசு! மூன்றாம் நாள் ஷர்லி கையை அசைத்துப் பேனா கேட்டாள். தாய் ஆரோக்கியம்மாள் மகளுடைய நீலப் பேனாவை எடுத்து நீட்டினாள். திலகவதி அதை நடுவில் வாங்கிக்கொண்டாள்.

"எழுத வேணாம், அசதியாயிரும். தூங்கு," என்றாள், அவள் கண்ணைப் பார்க்காமல். பேனா கைப்பைக்குள் போயிற்று.

அந்தப் பெண்தான் கவனமில்லாமல் உறிஞ்சிவிட்டது என்று துறைத்தலைவர் திருமுருகன் எழுதிக் கொடுத்து விஷயத்தை முடித்தார். ரெக்கார்டு நோட்டு இல்லாமல் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். அடக்கம் முடிந்த மறுவாரம் திலகவதி ஜெகதாப்பட்டினம் போனாள். காலேஜில் கேட்கிறார்கள் என்று புளுகி, ஷர்லியின் ரெக்கார்டு நோட்டை வாங்கி வந்தாள். அந்தத் தாய் அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். இவள் முதல் தாளைக் கிழித்து, அட்டையில் தன் பேரை ஒட்டினாள். திருமுருகன் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

குறை ஒன்றே ஒன்று. கடைசிப் பக்க அட்டவணையில் இரண்டாவது வரி காலி. அந்த நீலப் பேனாவாலேயே 18.6 என்று எழுதினாள். மறுநாள் பார்த்தால் இல்லை. மறுபடி எழுதினாள். மறுபடி இல்லை. மூன்றாவது தடவை அழுத்தி எழுதியதில் தாளில் தடம்கூட விழுந்தது. மை மட்டும் நிற்கவில்லை.

தேர்வில் சீட்டு எடுத்தாள். பிரித்தாள். அதே சோதனை. கொடுத்ததும் அதே மேஜை.

ஒரு உயிர் போன பிறகு ரப்பர் பந்துகள் வாங்கியிருந்தார்கள். பந்தால் உறிஞ்சி எடுத்து முதல் அளவு பார்த்தாள். 18.6. இரண்டாவதற்குப் பந்தைக் கையில் எடுத்தாள்.

பந்து மெல்ல உப்பியது.

மெல்ல அடங்கியது.

மறுபடி உப்பியது.

தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி. அதன் வாயிலிருந்து வந்த காற்று மணிக்கட்டில் சில்லென்று பட்டது. காற்றோடு ஒரு வெந்த குரல்.

"அக்கா..."

உதறினாள். பந்து மேஜைகளுக்கு அடியில் உருண்டு மறைந்தது. வேறு பந்து கேட்டதற்கு, ஆளுக்கு ஒன்றுதான் என்றார் திருமுருகன். "இருவது நிமிசந்தான் இருக்கு. வாயால எடுங்களேன், முன்னாடி எடுக்கலயா?"

எழுந்து போய்விடலாம். போனால் டீச்சர் வேலை போச்சு, இருக்கிற வேலையும் போச்சு. அமில பீக்கரின் பேர்ச்சீட்டைப் பார்த்தாள், அவளே ஒட்டியது. காகிதத் துண்டை அமிலத்தில் நனைத்துப் பார்த்தாள். அடர் அமிலமானால் காகிதம் கருகும். கருகவில்லை.

குழாயை வாயில் வைத்து லேசாக உறிஞ்சினாள். கோடு வரை ஏறியது. நிறுத்தினாள்.

அது நிற்கவில்லை.

எண்ணெய் மாதிரி கனத்து, மேலே, மேலே வந்தது. வாயை எடுக்கப் பார்த்தாள். சில்லென்று ஒரு கை பிடரியை அழுத்திக்கொண்டிருந்தது.

அதே ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் ஆரோக்கியம்மாள் பார்க்க வந்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் ஷர்லி தன்னை விட்டுவிடுவாள் என்று திலகவதிக்கு ஒரு நம்பிக்கை. பேனா வேண்டும் என்று கையை அசைத்தாள். ஆரோக்கியம்மாள் தலைமாட்டில் இருந்த கைப்பையைத் துழாவினாள். நீலப் பேனா வந்தது. அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எழுத வேணாம்," என்றாள். "அசதியாயிரும். தூங்கு."

பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் திலகவதி செத்தாள். அவளுடைய நோட்டைக் கட்டி வைக்கலாம் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார் திருமுருகன். இரண்டாவது வரியில், மை காயாமல், ஷர்லியின் குண்டெழுத்தில் 18.6 இருந்தது. அதன் கீழே மூன்றாவது வரிக்குப் புதிதாகக் கோடு போட்டிருந்தது.

அவர் காலடியில், மேஜைக்கு அடியில், ரப்பர் பந்து ஒன்று மெல்ல உப்பியது.