மாஸ்டர் கொடுத்த மூச்சு

தாள் ஈரமாக இருந்தது.

தண்ணீர் பட்ட ஈரம் அல்ல. கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி ஈரம். விரல் வைத்தால் இளஞ்சூடு. நேற்று மாலை அவளே தூசி தட்டி, உறையிலிட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து மூடிய தாள் அது. ஜன்னல் சாத்தியிருந்தது. மேசை மேலிருந்த ஈரப்பதக் கருவியின் முள் வழக்கமான இடத்தில்தான் நின்றது. விளக்கின் கீழ் தாளைச் சாய்த்துப் பார்த்தாள். தாள் முழுக்க ஈரம் இல்லை. அவள் ரப்பரால் அழித்த இடங்களில் மட்டும், சின்னச் சின்னப் பொட்டுகளாக.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை காய்ந்து மறைந்தன.

போன வருடம் இறந்துபோன இசை ஆசிரியரின் வீடு அது. ஊரில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே சொல்வார்கள். பெரிய பாடகர் குழு ஒன்றை வாழ்நாள் முழுக்க நடத்தியவர். குரல் பயிற்சிக்காக அவரிடம் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றவர்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். அவருடைய காகிதங்களையெல்லாம் பல்கலைக்கழக நூலகம் கேட்டிருந்தது. பூச்சியும் பூஞ்சையும் ஏறிக் கிடந்தவற்றை முதலில் வீட்டிலேயே சுத்தம் செய்து தரச் சொல்லி நூலகம் அனுப்பிய ஆள்தான் இவள். மாஸ்டரின் மகள் இவளுக்கு ‘பேப்பர் டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டாள். மாஸ்டர் பாடம் நடத்திய உள்ளறையையே வேலைக்கு ஒதுக்கிக் கொடுத்தாள்.

நிகழ்ச்சி நிரல்கள், பத்திரிகைத் துண்டுகள், குழுவாக நின்ற புகைப்படங்கள் என்று அலமாரி கொள்ளாமல் இருந்தன. ஆனால் நூலகத்துக்கு வேண்டியது இசைத்தாள்கள்தான். ஒவ்வொரு வரிக்கு மேலும் மாஸ்டர் தன் கைப்பட, கால்புள்ளி மாதிரி ஒரு சின்னக் கொக்கியைப் பென்சிலால் போட்டிருந்தார். பாடுகிறவர் அங்கே மூச்சு எடுக்கலாம் என்று அர்த்தம். வேறு யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் மூச்சு வைப்பார் என்பதுதான் அவருடைய புகழ்.

“எது போனாலும் பரவாயில்ல டாக்டரம்மா, அந்தக் குறி மட்டும் போயிடக் கூடாது. அப்பா உயிரே அதுலதான் இருக்கு,” என்று முதல் நாளே மகள் சொன்னாள்.

இவள் தலையாட்டினாள். அன்றைக்கே முதல் குறியை அழித்தாள்.

அந்த வீட்டில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. தெரிய என்ன இருந்தது? அந்தக் காலத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடிக்காத வயதிலேயே மாஸ்டரின் குழுவில் தனிப்பாட்டு அவளுக்குத்தான். ஒருநாள் காய்ச்சலோடு வந்தவள், இன்றைக்கு உச்ச வரிக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சினாள். மாஸ்டர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, அந்த உச்ச வரியைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். மூச்சு எடுக்க அவர் இடது கையைத் தூக்க வேண்டும். அவர் தூக்கவில்லை. தொண்டைக்குள் நூல் அறுந்த மாதிரி ஏதோ அறுந்தது. கைக்குட்டையில் ரத்தம். அலறிக்கொண்டு ஓடிவந்த அம்மாவிடம் அவர் நிதானமாகச் சொன்னார்: “குரல் ஒண்ணும் போகல. திமிருதான் போயிருக்கு.”

அதோடு சரி. இன்றுவரை அவளுக்கு வருவது, காய்ந்த சருகைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். போனில் பேசினால் லைன் சரியில்லை என்று எதிராளி வைத்துவிடுவார்.

ஆகவே அவள் அவசரப்படவில்லை. ரப்பரின் ஓரத்தைப் பிளேடால் ஊசிமுனையாகச் சீவிக்கொள்வாள். கொக்கியின் வாலிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத் தேய்ப்பாள். தாளில் பென்சில் அமுங்கிய தடம் தெரியும் இல்லையா, அதையும் மழுங்கிய எலும்புக் கத்தியால் நீவிவிட்டு, துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒருவருக்கும் தெரியாது. அவர் அவள் குரலை எடுத்தார். அவள் அவர் பெயரை எடுக்கிறாள். நாளை எவனாவது ஆராய்ச்சி மாணவன் பெட்டியைத் திறந்து பார்த்து, இந்த மனுஷனுக்கா இத்தனை பேரும் புகழும் என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஈரத்தைப் பார்த்த நாளில்தான் சத்தமும் கேட்டது. ஒரு குறி முழுசாக மறைந்த கணத்தில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இருட்டில் யாரோ வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாடப்போகிறவர் இழுக்கிற மூச்சு. வாய் வழியாக, விலா விரிய. வெளியே விடவில்லை. அடுத்த குறியை அழித்தாள். மறுபடி ஒரு இழுப்பு. விடவில்லை. பழைய காகிதத்தின் புளித்த வாசனைக்கு நடுவே மாஸ்டர் எப்போதும் வாயில் அடக்கியிருந்த தொண்டை மாத்திரையின் கிராம்பு நெடி மெதுவாக எழுந்து அவள் கழுத்துப் பக்கம் வந்து நின்றது.

எழுந்துபோய்ப் பார்த்தாள். ஒட்டடையும் ஒரு கிழிந்த புகைப்படமும். செத்தவன் செத்தவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தாள். பயந்து பாதியில் விட்டுப்போக அவள் இத்தனை வருடம் காத்திருக்கவில்லை.

பிறகு அது அவளுக்குள்ளேயே வந்தது. பாடகராக இருந்தவர்கள் இசைத்தாளைச் சும்மா பார்க்க முடியாது. கண் போகிற வழியே மூச்சும் போகும். சுத்தம் செய்த ஒரு பக்கத்தைச் சரிபார்க்கக் கண்ணை ஓட்டினாள். வரி முடிந்தது. மூச்சு வரவில்லை. அடுத்த வரி. வரவில்லை. நெஞ்சு கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கம் முடிகிற இடத்தில்தான் விலா திறந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் கடைசிப் பெட்டியில் அந்தப் பாட்டு இருந்தது. அவளுடைய பாட்டு.

ரப்பரைப் புதிதாகச் சீவிக்கொண்டாள். ஒன்று விடாமல் அழித்தாள். அறை முழுக்க மூச்சுகள் இழுபட்டன. மூலையில், கதவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில். கடைசிக் கொக்கியும் போனதும் எல்லாம் நின்றது. அறை எதையோ பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மாஸ்டரின் மகள். முன்கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள், அப்பாவின் நினைவுக் கச்சேரிக்கு இன்றுதான் முதல் ஒத்திகை என்று சிரித்த முகமாகச் சொன்னாள். மேசை மேலிருந்த தாள்களின் தலைப்பை மட்டும் பார்த்தாள்.

“இதையே பாடிடலாம் டாக்டரம்மா. நகல் போட்டுக்கிட்டுத் தந்துடறேன். அப்பா எங்க மூச்சு வச்சாரோ அங்கதான் நாங்க எடுப்போம்.”

வேண்டாம் அக்கா என்று சொல்ல அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. அவர் பெயரில், அவர் வீட்டிலேயே, பாட்டு குட்டிச்சுவராகப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

நகல் இயந்திரம் முனகி ஓய்ந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பியானோவில் ஒரு சுரம். பாட்டு எழும்பியது.

அழகாக இருந்தது. அதுதான் முதலில் அவளைச் சுட்டது. கதவுப் பலகையில் காதை வைத்துக் கேட்டாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. எங்கேயும் ஒரு இடைவெளி இல்லை. ஆள் மாற்றி ஆள் மூச்சு எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். பெரிய குழுக்களில் அது வழக்கம்தான். ஆனால் அப்படி எடுத்தால் ஒரு ஓரத்தில் ஒரு சின்னத் தேய்மானம் கேட்கும். அவள் காதுக்கு அது தப்பாது. இங்கே கேட்கவில்லை.

கதவைத் திறந்தாள்.

மாலை வெயில் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது. வரிசையாக நின்றார்கள். பாடினார்கள். முன்வரிசைப் பெரியவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்திலிருந்த பெண்ணின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. எல்லோர் கண்ணிலும் நீர். யாராலும் வாயை மூட முடியவில்லை. மகளின் வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தத் தன் இடது கையால் பிடித்து இழுத்தாள், முடியவில்லை.

நிறுத்துங்க என்று அவள் கத்தினாள். சருகுச் சத்தம்தான் வந்தது.

பெரியவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். பியானோ மேலிருந்த பென்சிலை எடுத்து வரிக்கு மேல் கொக்கி போட்டாள். பென்சில் வழுக்கியது. அழுத்திப் போட்டாள். முனை ஒடிந்தது. தாள் வெள்ளையாகவே இருந்தது.

அப்போது கிராம்பு நெடி. காதோரம் சூடு.

தொண்டைக்குள் அறுந்து கிடந்த ஏதோ ஒன்று மெதுவாக முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அவள் வாய் திறந்தது. குரல் வந்தது. அவளுடையது. அன்றைக்குப் போன அதே குரல், கீறல் இல்லாமல், தண்ணீர் மாதிரி. உச்ச வரிக்குச் சட்டென்று ஏறி நின்றது.

குழு மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடியது. ஆளாளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் சரிந்தார்கள். ஒருவர் அழுதார். பெரியவர் தலையை நிமிர்த்தி அந்தக் குரலைக் கேட்டார். கேட்டதும் யாரென்று தெரிந்துகொண்டார்.

“ஐயோ, நீயா?” என்றார்.

பதில் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை.

வரி முடிந்தது. அடுத்தது தொடங்கியது. விலா திறக்கவில்லை. கூடத்தின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. மகள் அவள் எதிரில் நின்றாள். வலது கை தாளம் தப்பாமல் அசைந்தது. இடது கை, விரல்கள் விரிந்து, உள்ளங்கை கீழ்நோக்கி, இடுப்பளவில் அசையாமல் நின்றது. முகம் மட்டும் மகளுடையது; அது அழுதுகொண்டிருந்தது.

பிடித்திருந்த தாள் தானாகப் புரண்டது. புதுப்பக்கம். சுத்தமான பக்கம். வரிக்கு மேல் ஒரு குறி இல்லை.

குரல் இன்னும் மேலே ஏறியது.