மூக்கில்லாத சான்சுகே

ஷிராகமி மலையடியில் இருந்த வேட்டைக் குடிசைக்கு தோகுஜி ஓடி வந்தபோது அடுப்பில் மிசோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முயல் பிடிக்கப் போன அவன் தம்பி மினோரு பனிச்சரிவில் புதைந்துவிட்டான். மழையில் இறுகிய பழைய பனியின் மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடந்தது. மேலே இன்னும் பாதிப் பனி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

குடிசையில் இருந்த வேட்டைக்காரர்கள் ஆட்களை எண்ணினார்கள். தோகுஜியோடு பன்னிரண்டு பேர். எல்லோர் முகமும் சுண்டிவிட்டது. பன்னிரண்டு பேராய் ஏறினால் மலைத்தேவதை தன் ஆள் ஒருவனைப் பதிமூன்றாவதாகச் சேர்த்துவிடுவாள். அவளை முந்திக்கொள்ள ஒரு சின்ன மரப்பொம்மை செதுக்கி, சான்சுகே என்று பேர் வைத்துப் பதிமூன்றாவது ஆளாகக் கூட்டிப்போவார்கள்.

அவர்களில் ஒருவனான கொன்சோ பரபரவென்று செதுக்கினான். "பொறுடா, மூக்கு மட்டும்தான் பாக்கி. உன்னைவிட லட்சணமா வந்திருக்கான்."

"அவனுக்கு மூக்கு வர்றதுக்குள்ள என் தம்பிக்கு மூச்சு போயிடும்டா!"

தோகுஜி பொம்மையைப் பிடுங்கி அடுப்பில் எறிந்தான்.  எல்லோரும் எழுந்து நடந்தார்கள்.

சரிவில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வோர் அடி முன்னேறியதும் நீளக் கம்பியைப் பனிக்குள் குத்தி, எதுவும் தட்டுப்படாவிட்டால் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"பத்து."

"பதினொண்ணு."

"பன்னெண்டு" என்றான் கடைசியில் நின்ற தோகுஜி.

"பதிமூணு."

மேலே, பனிக்கடியிலிருந்து வந்தது. மினோருவின் குரல்.

"போகாதடா!" கொன்சோ தோகுஜியின் தோளைப் பிடித்தான். "புதைஞ்சவன் கத்தினாலும் வெளியே கேக்காது. அது உன் தம்பியில்ல!"

தோகுஜி முழங்கையால் ஓங்கி இடித்தான். கொன்சோவின் மூக்கு நொறுங்கிப் பனியில் ரத்தம் தெறித்தது.

தோகுஜி ஏறினான். வெறிபிடித்துத் தோண்டினான். கரி வாடை அடித்தது.

"பதிமூணு."

இன்னும் மேலே.

ஏறினான்.

காலடியில் மலை 'வும்' என்று அமுங்கியது.

மிச்சச் சரிவு முழுக்க உடைந்து இறங்கியது. வரிசையில் பாதிப் பேரை வாரிப்போய் மரங்களில் அறைந்தது. எலும்புகள் முறிவது அந்த இரைச்சலிலும் கேட்டது.

தோகுஜி புரண்டு வந்து கீழே விழுந்தான். வலது கை பிய்ந்ததுபோல் தொங்கியது. ரத்த முகத்தோடு கொன்சோ வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். வரிசை நின்ற இடத்துக்கு ஓரடி முன்னால் ஒரு கையுறை நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு குத்துல கெடச்சிருப்பான்டா, பாவி!"

மிஞ்சியவர்கள் மினோருவை வெளியே இழுத்தார்கள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை. வாய் நிறையப் பனி அடைத்திருந்தது. தோகுஜி அழுதுகொண்டே விரலை விட்டு வழித்தான். கெட்டியாக ஏதோ சுட்டது.

வெளியே எடுத்தான். பாதி கருகிய மரப்பொம்மை. இன்னும் புகைந்தது. மூக்கு இல்லை.

அடைப்பு நீங்கிய வாய் மெல்ல அசைந்தது.

"பதிமூணு."