டப்பியில் இருந்த சிவப்புத் துகள்

டெய்ரி ஃபார்ம் என்ற அந்தத் தீவுக் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது, கொதி வருமுன்பே ஆயா அலமுவுக்குத் தெரிந்துவிடும். அவள் வேலை பார்த்த காசநோய் டிஸ்பென்சரியின் லேப் டெக்னீஷியன் பக்தவத்சலத்துக்கோ, தன் வீட்டுக் குழம்பே சோற்றில் விழுந்த பிறகுதான் தெரியும். 1966 மழைக்காலத்தில் ஒரு காலை, இந்த இருவர் முன்னால் குழந்தைவேலு வந்து நின்றான்.

மர மில்லில் தினக்கூலி மஸ்தூர் அவன். வேலை பக்காவாகி நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். தோளிலும் புருவத்திலும் படாக் மரத்தின் செந்தூள் அப்பியிருந்தது.

"சார், என் சம்சாரம் நீலாவதி அஞ்சு மாசமா இங்க மருந்து வாங்குறா. சளியில கிருமி இல்ல, மாத்திரைய நிறுத்து, டானிக் போதும்னு டாக்டர் சாப் எழுதிட்டாரு. ஆனா அவ தேஞ்சுக்கிட்டே போறா. சாயங்காலமானா காய்ச்சல். இது என்ன குணம் சார்?"

பக்தவத்சலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீ எப்படிப்பா இருக்கே?"

நோயாளி யாரென்றே தெரியாமல் கேட்கிறாரே என்று அலமு தலையில் அடித்துக்கொள்ளப் போனாள்.

"எனக்கென்ன சார்! வெயில் காலத்துல கொஞ்ச நாள் இருமல். மில்லுத் தூளுதான். அவ யாரோ வைத்தியர்கிட்ட மாத்திரை வாங்கி, தேன்ல குழைச்சுத் தினம் குடுத்தா. இப்ப பாருங்க, சட்டைப் பித்தான் மாட்ட மாட்டேங்குது."

"அச்சா. போய் அவளைக் கூட்டிக்கிட்டு வா."

அவன் படியிறங்கியதும் பக்தவத்சலம் ரிஜிஸ்டரை விரித்தார்.

"அலமு, ரத்தத்தைக் குழாயில ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கறோமே, எதுக்கு? உள்ளே நோய் எரியறப்போ ரத்தத்துல சில புரதம் கூடிப்போகும். சிவப்பணு எல்லாம் நாணயம் அடுக்கின மாதிரி ஒட்டிக்கிட்டு, விறுவிறுன்னு அடியில இறங்கும். நீலாவதிக்கு மாசா மாசம் பார். நாப்பது, அம்பத்தெட்டு, எம்பது, நூத்தஞ்சு. இது ஒண்ணை மட்டும் வெச்சு டி.பி.ன்னு சொல்லிட முடியாது, எந்தக் காய்ச்சலுக்கும் ஏறும். ஆனா குணமாகிற உடம்புல இப்படி ஏறாது."

"அப்ப சளி பொய் சொல்லுதா?"

"ரத்தத்தை நான் அவ கையிலேருந்து எடுத்தேன். சளி?"

"வீட்லேருந்து டப்பியில..." அலமு துள்ளி எழுந்தாள். "சரசு! பக்கத்து வீட்டுச் சரசு! கல்லுருண்டை மாதிரி உடம்பு. நீலாவதி மாத்திரை முழுங்கச் சோம்பல்பட்டு, சரசு சளியக் கொண்டாந்து நம்ம கண்ணுல மண்ணத் தூவியிருக்கா. நான் அன்னிக்கே நினைச்சேன்!"

அன்றைக்கு அவள் எதையும் நினைக்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது!

"சரசு சளின்னா முதல் டப்பியே சுத்தமா இருந்திருக்கணும்," என்றார் பக்தவத்சலம். "இங்கே பார். கிருமி முதல்ல மூணு ப்ளஸ், ரெண்டு, ஒண்ணு, அப்புறம் ஒண்ணுமில்லே. படிப்படியா குணமாகிற நோயாளியோட சளி இது. இன்னொண்ணு. இதுல சிவப்பா ஏதோ இருக்கு. ரத்தம்னு நானே எழுதியிருக்கேன், தப்பு. நேத்து லென்ஸ்ல பெரிசாக்கிப் பார்த்தேன். மர நார்."

அலமு மெல்ல உட்கார்ந்தாள். குழந்தைவேலு நின்றிருந்த இடத்தில், தரையில், செந்தூள் கிடந்தது.

"நீலாவதி மாசா மாசம் வந்து கேப்பா சார். 'இந்தத் தடவை குறைஞ்சிருக்காக்கா?'ன்னு. குறைஞ்சிருக்குன்னா மூஞ்சி பூரிச்சுப்போகும். தன் எடை என்னன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

மதியத்தில் குழந்தைவேலுவோடு நீலாவதி வந்தாள். பத்துப் படி ஏற மூன்று இடத்தில் நின்றாள். அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, குரலை உயர்த்தாமலே பக்தவத்சலம் ஒவ்வொன்றாகச் சொன்னார்: ஏறிய ரத்தக் கணக்கு, இறங்கிய சளிக் கணக்கு, மரத்தூள், தேனில் குழைத்த மாத்திரை.

குழந்தைவேலு தன் உள்ளங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "எனக்கா?" என்றான். "எனக்கா இருந்துச்சு?"

நீலாவதி அவனைப் பார்க்கவில்லை. "நான் இங்க மருந்து வாங்க ஆரம்பிச்ச வாரமே இவரு ரத்தமாத் துப்பினாரு சார். துப்பினதக்கூடப் பாக்காம ஷிப்டுக்கு ஓடுவாரு. இங்க வந்து பேரு எழுதினா மில்லுல சீட்டக் கிழிச்சிருவாங்க. மறுபடி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறி எங்க சார் போறது? சிரட்டையில துப்பினத எடுத்துட்டு வந்தேன். சரியாவுதான்னு எனக்கு வேற யாரு சொல்லுவா?"

"ஆளுக்குப் பாதி தின்னிருக்கலாமேடி, பாவி!" என்றாள் அலமு.

"நீங்கதானக்கா சொன்னீங்க. பாதி தின்னா யாருக்குமே கேக்காதுன்னு."

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அலமுவே ஒப்பித்த பாடம் அது.

அன்றே டாக்டரிடம் ரத்தக் கணக்கைக் காட்டி, நிறுத்திய மாத்திரையை நீலாவதிக்கு மறுபடி எழுத வைத்தார் பக்தவத்சலம். பெரிய ஊசிமருந்து கல்கத்தாக் கப்பலில் வரவேண்டும். மழையில் கப்பல் பிந்தியது. அது துறைமுகத்தில் நுழைந்தபோது நீலாவதி போய்ச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கடைசியாகத் தன் சளியையே ஒரு டப்பியில் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்த பக்தவத்சலம் எண்ணிக்கை எழுதவில்லை. 'நிறைய' என்று மட்டும் எழுதினார்.

குழாயடியில் பெண்கள் அலமுவைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன நோவுக்கா? அந்தாளுக்கும் இருக்காமே, மில்லுல பேசிக்கிறாங்க?"

"எனக்கென்னடி தெரியும்?" என்றாள் அலமு. குடம் பாதி நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு நடந்தாள். டெய்ரி ஃபார்மே வாயைப் பிளந்தது.

குழந்தைவேலுவின் வேலை பக்கா ஆயிற்று. அவன் மருந்தை இன்னும் ஒரு வருடம் விடாமல் சாப்பிட வேண்டியிருந்தது. நீலாவதியின் அட்டையைப் பக்தவத்சலம் மூடவில்லை. மாதம் பிறந்ததும் அவள் பெயரில் அவனுக்கு மாத்திரைப் பொட்டலம் போகும்; அலமுதான் முந்தானையில் முடிந்து எடுத்துப்போவாள். திரும்பும்போது ஒரு டப்பி வரும். அதிலும் நீலாவதி பெயர்தான் ஒட்டியிருக்கும். கிருமி இருக்காது. அடியில் கொஞ்சம் செந்தூள் இருக்கும்.