ஒரு செயின், இரண்டு ஸ்பானர்

பட்டாணிக்குப் பத்து வயது. ஆள் பொடிசு என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணிதான். அந்த வாரம் அவளுக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த வேலை.

இத்தனைக்கும் இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"பட்டாணி, தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு உங்க சித்தப்பாவை."

"பட்டாணி, ஜக் காலின்னு சொல்லு உங்க அப்பாகிட்ட."

சாப்பிட்டு முடிப்பதற்குள் பட்டாணிக்குத் தொண்டை வறண்டுவிடும்.

சண்டை எதற்கு? ஒரு மோட்டார் சைக்கிள் செயினுக்கு! வீட்டில் வண்டி ஒன்றுதான். விடியற்காலையில் அப்பா அதில் செய்தித்தாள் போடப் போவார். மதியத்துக்கு மேல் சித்தப்பா அதே வண்டியில் மருந்துக் கடையிலிருந்து வீடு வீடாக மருந்து கொண்டுபோவார்.

செயின் ரொம்பத் தொங்கினால் ஓடும்போது கழன்றுவிடலாம். ரொம்ப இறுகினால் அறுந்துபோகலாம். கீழே நடுப்பகுதியைத் தூக்கிப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். இதுவரை இரண்டு பேருக்கும் சம்மதம்தான். அதற்கு மேல்தான் வம்பு.

"தினமும் காலையில பாக்கறேன், தொளதொளன்னு தொங்குது. வேணும்னே லூஸ் பண்ணி வெக்கிறான்" என்பார் அப்பா. ஸ்பானரை எடுத்து இறுக்குவார்.

"தினமும் சாயங்காலம் பாக்கறேன், கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. வேணும்னே முறுக்கி வெக்கிறாரு" என்பார் சித்தப்பா. இன்னொரு ஸ்பானரை எடுத்துத் தளர்த்துவார்.

இப்படியே ஐந்து நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பட்டாணி, ஞாயித்துக்கிழமை நான் வேற ரூம் பாக்கப் போறேன்னு சொல்லு உங்க அப்பாகிட்ட."

அந்த ஒரு செய்தியை மட்டும் அவளால் கொண்டுபோக முடியவில்லை. அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது என்பது அவர் பாதித் தட்டோடு எழுந்து போனதிலேயே தெரிந்தது.

"தம்பி, ஒரு செயினுக்காகவா வீட்டை விட்டுப் போவாங்க?" என்றாள் அம்மா.

"செயினுக்காக இல்ல அண்ணி. என் பேச்சை நம்பாத இடத்துல எதுக்கு இருக்கணும்?"

சித்தப்பா இல்லாத வீட்டைப் பட்டாணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் வரையும் யானையைப் பார்த்து, "அடடா, அருமையான டீ கெட்டில்" என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஏழு மணிக்கு அப்பா பேப்பர் போட்டுவிட்டுத் திரும்பினார். வழக்கம்போல இன்ஜினை அணைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் காற்றடித்தார். அவர்களுடைய பம்பின் குழாய் முழம் நீளம்கூட இல்லை. வால்வு சக்கரத்தின் அடிப்பக்கம் வந்தால்தான் எட்டும். வால்வின் குட்டி மூடியைத் தொலைக்காமல் கையில் வைத்திருப்பதும், கடைசியில் அதைத் திருகி மூடுவதும் பட்டாணியின் பொறுப்பு.

மூடியைப் போட்டதும் அப்பா அப்படியே குனிந்து செயினைத் தூக்கிப் பார்த்தார்.

"பாரு, மறுபடியும் தொங்குது!"

ஸ்பானர் வந்தது, செயின் இறுகியது. அப்பா குளிக்கப் போய்விட்டார்.

பட்டாணி மட்டும் அங்கேயே நின்றாள். அவளுக்கு ஏதோ இடித்தது. காலையில் அவள் குனிந்து போடும் மூடி, சாயங்காலம் சித்தப்பா செயினைப் பார்க்கும்போது எப்போதும் மேலே அல்லவா இருக்கும்?

ஆமாம், சித்தப்பா வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் செயினைப் பார்ப்பார். சக்கரத்தின் எந்தக் கம்பியில் துடைக்க ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகும் என்று வால்வை மேலே நிறுத்தி அங்கிருந்து தொடங்குவார். ஒரு சுற்று முடிந்து வால்வு மறுபடி மேலே வந்ததும் துணியைக் கீழே வைப்பார்.

அப்பாவுக்கு எப்போதும் வால்வு கீழே. சித்தப்பாவுக்கு எப்போதும் வால்வு மேலே.

தானே அளந்து பார்த்துவிடலாம் என்று பட்டாணிக்குக் கை பரபரத்தது. ஆனால் செயினில் விரல் மாட்டினால் விரல் இருக்காது. பட்டாணி செயினைத் தொடவே கூடாது என்ற ஒரு விஷயத்தில்தான் அண்ணனும் தம்பியும் இந்த வாரம் முழுக்க ஒற்றுமையாக இருந்தார்கள்.

அது நல்லதாகவே போயிற்று. அவள் பென்சிலையும் நோட்டையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு முதலில் சித்தப்பாவிடம் போனாள்.

"சித்தப்பா, ஒரு கணக்கு போடணும். சக்கரத்தை மெதுவா சுத்தி விட ஒரு ஆள் வேணும்."

பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாள்.

"அப்பா, ஸ்கேல் பிடிக்க ஒரு ஆள் வேணும். நான் தொடக் கூடாதுல்ல?"

வண்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இருவரும் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, வால்வு கீழ இருக்கட்டும். கையை எடுத்துடுங்க. அப்பா, இப்ப அளங்க."

அப்பா செயினைத் தூக்கி ஸ்கேலை வைத்தார். "மூணு சென்டிமீட்டர். நான் வெச்சது வெச்ச மாதிரி இருக்கு" என்று சற்றுச் சத்தமாகவே சொன்னார். யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் விழுந்தது.

பட்டாணி எழுதிக்கொண்டாள். "கால் சுத்து சுத்துங்க."

"ரெண்டேகால்" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னும் கால் சுத்து. வால்வு மேல வரணும்."

அப்பா அளந்தார். ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

"ஒண்ணரை" என்றார்.

"நான் தினமும் பாக்கறது இதைத்தான்!" என்றார் சித்தப்பா.

"டேய், இருடா. மறுபடி கீழ கொண்டு வா."

பட்டாணியின் பென்சில் அப்படியே நின்றது. ஆறு நாளில் முதல் 'டேய்'!

சித்தப்பா சக்கரத்தைச் சுற்றினார். வால்வு கீழே, மூன்று. வால்வு மேலே, ஒன்றரை. ஐந்து தடவை சுற்றினாலும் அதேதான்.

"அண்ணா, பின்னாடி இருக்கற பல் சக்கரத்தைப் பாரு. வட்டமாவே இல்ல. ஒரு பக்கம் தேஞ்சு போயிருக்கு. அதான் பாதிச் சுத்துக்கு இழுக்குது, பாதிச் சுத்துக்கு விடுது."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீ வேணும்னே லூஸ் பண்ணலையா?"

"நீயும் வேணும்னே முறுக்கலையா?"

பிறகு சித்தப்பாதான் முதலில் சிரித்தார். அப்பா அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்து, இருமல் வரும்வரை நிறுத்தவில்லை.

"எங்க இறுக்கமா இருக்கோ அங்கதான் மூணு சென்டிமீட்டர் விடணும். நான் இறுக்கினதுதான் தப்பு" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

"நானும் ஒரு தடவை முழுசா சுத்திப் பாத்திருக்கணும்" என்றார் சித்தப்பா.

வால்வு மேலே நிற்க, அப்பா ஒரு பக்கத்து நட்டைத் திருகினார், சித்தப்பா மறுபக்கத்து நட்டைத் திருகினார். சக்கரம் கோணாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரே அளவு திருக வேண்டும். "அரைச் சுத்து" என்று இவர் சொன்னால், "அரைச் சுத்து" என்று அவரும் சொன்னார். பட்டாணியின் ஸ்கேல் மட்டும் கறுப்பு கிரீஸில் குளித்துவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இது நாளைக்கு வரைக்கும்தான் தாங்கும். மெதுவா ஓட்டு" என்றார் அப்பா. பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டார். "நாளைக்கு ரூம் பாக்கப் போறியா?"

"நாளைக்கு நேரம் ஏது? பல் சக்கரமும் சேர்ந்த செயின் செட் வாங்கப் போகணும். நீயும் வா. உன்னை விட்டுட்டு வாங்கினா, நீ தனியா போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வருவ."

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருமுனையிலேயே அண்ணன் தம்பி இருவரின் சத்தமும் கேட்டது. கனமான அட்டைப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, முதலில் எதைக் கழற்ற வேண்டும் என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

அம்மா நெற்றியில் கை வைத்தாள். "கடவுளே, மறுபடியும் சண்டையா?"

"ஆமாம்மா!" என்று பட்டாணி குதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "ஆனா இப்ப அவங்களே நேரா போட்டுக்கறாங்க!"