நூலாக ஓடும் குழாய்

பூட்டிவிட்டு வந்த வீட்டில் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள்.

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட். ஊரிலுள்ள வீட்டு மீட்டர்கள் அனுப்பும் கோடுகளைத் திரையில் பார்த்து, எந்த வீட்டில் தண்ணீர் எப்படிச் செலவாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சட்டென்று எழும்பிச் சட்டென்று விழுந்தால் கழிப்பறைத் தொட்டி, படிப்படியாக ஏறினால் சலவை இயந்திரம், ராப்பகலாக ஒரே சீராக ஊர்ந்தால் கசிவு. எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றெல்லாம் கோட்டைப் பார்த்தே புட்டுப்புட்டு வைப்பாள். பக்கத்து இருக்கைக்காரர் அவளை 'ஜோசியரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

சோதனைக்காகத் தன் வீட்டிலும் ஒரு மீட்டரை மாட்டியிருந்தாள். மாட்டி இரண்டு வருடமாகியும் அந்தக் கோட்டை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்று ஏதோ ஒரு பட்டனை அழுத்தப்போய் அது வந்து நின்றது.

"என்ன ஜோசியரம்மா, முகமே சரியில்ல? யார் வீட்டுக் கதை?"

"எங்க வீடுதான்."

"வீட்டுக்காரர் குளிக்கிறாரு போல."

"அவர் ஷவர்லதான் குளிப்பாரு" என்றாள்.

இது வாளிக் குளியல். குழாய் முழு வேகத்தில் திறந்து, வாளி நிறைந்ததும் நின்றது. பிறகு நூல் மாதிரி சன்னமாகத் திறந்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்படிக் குளிக்கிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். தங்கை. 'தண்ணிய வீணாக்காதடி' என்று இவள் எத்தனை முறை கத்தியிருப்பாள். 'சத்தம் இல்லன்னா பயமா இருக்குக்கா' என்பாள் அந்தப் பெண். அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். கண்ணை மூடிவிட்டது அக்காவின் கைதான்.

கணவனுக்கு போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான். ஏன்?"

"நம்ம வீட்ல தண்ணி ஓடுது."

"கசிவா இருக்கும்மா. வாஷர் தேஞ்சிருக்கும். நீ வேலையப் பாரு."

கசிவு வாளியை நிரப்பிவிட்டு ஓய்வெடுக்காது. அதுவும் போகட்டும். அவன் குரலுக்குப் பின்னால், போனுக்குள்ளேயே, ஒரு குழாய் நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

கோட்டைப் பின்னோக்கித் தள்ளினாள். அவளுக்கு மாலை ஷிப்ட் இருந்த நாட்களிலெல்லாம் அதே வாளி, அதே நூல். இன்னும் பின்னால், தங்கை உயிரோடு இருந்த மாதங்களில், நூல் நின்ற கையோடு ஒரு ஷவர். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஷவர். வேலை முடிய நேரமாகும் என்று அவன் சொன்ன அதே மாலைகளில். ஊர் வீட்டையெல்லாம் படித்தவள் தன் வீட்டை மட்டும் படிக்கவில்லை. நம்பினாள், அவ்வளவுதான்.

ஷிப்ட் முடியுமுன்பே கிளம்பி வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே விளக்கில்லை. தங்கை போன பிறகு யாரும் வாங்காத அந்தப் பச்சை சோப்பின் வாசனை கூடம் முழுக்க ஈரமாகப் பரவியிருந்தது. தரையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள் அக்காவின் படுக்கையறையிலிருந்து புறப்பட்டு, குளியலறைவரை போயிருந்தன. அங்கே, மூடிய கதவுக்கு வெளியே, ஸ்டூல் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். தலை வாரியிருந்தான். சட்டை புதிது. மடியில் தங்கையின் துண்டு.

உள்ளே குழாய் நூலாக ஓடியது.

பயத்துக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. தங்கைக்காக அவள் அழுத இரவுகளில் அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தவன் இவன்தான்.

"எத்தன நாளா?"

அவன் நிதானமாக நிமிர்ந்தான். "எதக் கேக்கற? அவ இருந்தப்பவா, போனதுக்கு அப்புறமா?"

குழாய் நின்றது.

எந்தச் சத்தமும் இல்லை.

"அக்கா."

அதே குரல். குளிக்கப்போகும்போது எப்போதும் மறந்துவிட்டு, பாதிக் கதவைத் திறந்து கூப்பிடும் குரல்.

"அக்கா, துண்டு."

அவன் எழுந்து துண்டை அவள் கையில் திணித்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். "நான் குடுத்தா வாங்க மாட்டேங்கறா. ஒவ்வொரு தடவையும் உன்னத்தான் கேக்கறா. இன்னிக்காவது குடு."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

இருட்டில் ஒரு விரற்கடை இடைவெளி. பிறகு ஒரு சாண். ஒரு கை வந்தது. தண்ணீரில் ஊறி வெளுத்த கை. காத்திருந்தது.

கால்கள் பின்வாங்கின. முதுகில் அவன் மார்பு இடித்தது.

"அவளுக்குத் தனியா பயம்" என்றான் அவன், காதருகில், அவளிடம் ஒருநாளும் பேசியிராத அன்போடு. "நீ கூட இருந்தா அவ வெளிய வந்துருவா."

துண்டைத் தாண்டி நீண்டன விரல்கள். அவள் மணிக்கட்டைப் பற்றின. சில்லென்று.

முதுகில் அவன் உள்ளங்கை.

மெல்லத் தள்ளியது.